மண்ணுப்பு

“ஆளே இல்லாத வீட்டுக்குப் புள்ளையத் தூக்கினு போயி இன்னா பண்ணப்போற?”

உப்பு வாரும் பலகையை இழுத்தபடியே கேட்டான் அந்தோணிசாமி. வீடு என்று அவன் சொன்னது, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்த மாதா கோயிலை.

தனக்கோடி தலைக்கூடையை இறக்கி வரப்பில் வைத்தாள். வேலை தொடங்கியதிலிருந்து புருஷன் பெண்சாதிக்குள் இதே பேச்சுதான். நாளை ஞாயிறு. பூசைக்குச் சாமியார் வருகிறார். இதை விட்டால் அடுத்து எப்போது வருவாரோ தெரியாது. குழந்தைக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று அவளும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“அவரு இருக்காருன்னா, அன்னிக்கு எங்க போனாரு?” என்றான் அவன்.

இது அவர்களுக்கு மூன்றாவது குழந்தை. மூத்தவள் ரீத்தா, பிறந்த மூன்றாம் மாதம் காய்ச்சலில் போனாள். அடுத்தவன் சகாயம் ஆறு வயதுவரை வளர்ந்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இவர்கள் இரண்டு பேரும் கோயிலில் முழங்காலில் நின்றிருந்த நேரம், புதுச்சட்டையைக் கூட்டாளிகளுக்குக் காட்டக் கடற்கரைக்கு ஓடியவனை அலை கொண்டுபோனது.

அதற்கப்புறம் அந்தோணிசாமி கோயில் வாசலை மிதிக்கவில்லை. யாராவது கேட்டால், மேலே யாரும் இல்லை, வெறும் வானம்தான் இருக்கிறது, அதுவும் வாரிவைத்த உப்பைக் கரைப்பதற்கென்றே இருக்கிறது என்பான். இந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, சுவரில் இருந்த இயேசு படத்தைத் திருப்பி மாட்டினான். தனக்கோடி இரண்டு முறை நேராக்கிப் பார்த்தாள். மறுநாள் விடிவதற்குள் அது மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த முத்தம்மாளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏம்பா அந்தோணி, மொத ரெண்டுக்கும் கோயில்ல மைக் செட் வெச்சு ஊருக்கே பேரு கேக்கவெச்சவன்தானே நீ? இதுக்கு ஒரு பேராவது வெச்சியா?”

“வெச்சிருக்கேனே. மண்ணுப்பு.”

பாத்தியின் அடியில் சேற்றோடு கலந்து வரும் உப்பு அது. வியாபாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வரப்பு ஓரம் கொட்டிவிட வேண்டியதுதான். பெற்ற மகளை அவன் அப்படித்தான் கூப்பிட்டான். அவளுக்குப் புதுத்துணி வாங்க விடவில்லை. தன் பழைய கைலியைக் கிழித்துச் சுற்றிவைத்தான். வழியில் யாராவது குழந்தை அழகாக இருக்கிறது என்றால், கறுத்துக் காய்ந்துபோய்க் கிடக்கிற இதுவா அழகு என்று வாயை அடைத்துவிடுவான். கேட்கும்போதெல்லாம் தனக்கோடி அவனோடு சண்டைக்குப் போவாள். ஆனால் வெயில் நகர நகர, ஓலைக் கொட்டகையில் தொங்கும் தொட்டிலை அவிழ்த்து நிழல் இருக்கும் பக்கம் கட்டுகிறவனும் அவன்தான். அதுதான் அவளுக்குப் புரிவதில்லை.

அவள் பாத்திக்குள் இறங்கி அவன் எதிரே போய் நின்றாள். பலகை நின்றது.

“எனக்கு மட்டும் அவரு இருக்காருன்னு தெரியுமாய்யா? ஜெபம் சொல்லிக்கினே இருக்கேன், யாருகிட்ட சொல்றோம்னு பாதியில நின்னுடுது. ஆனா ஒருவேள இருந்துட்டா? அதுங்க ரெண்டும் அவருகிட்டதான் இருக்கும். இதுக்கும் அங்க போக ஒரு வழி வேணும்ல? இல்லன்னா போவுது, வெறும் தண்ணிதானே. தலையத் தொடச்சிக்கினு வந்துடறோம்.”

அந்தோணிசாமி கொட்டகைப் பக்கம் பார்த்தான். தொட்டிலுக்கு வெளியே ஒரு சின்னக் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

“நான் வரல. நீயும் போகாத,” என்று சொல்லிவிட்டுப் பலகையை இழுத்தான்.

மறுநாள் அவன் உப்பளத்துக்குக் கிளம்பியதும், தனக்கோடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க முத்தம்மாள் கூட வந்தாள். ஜெபமாலை என்று பேர் வைப்பதாக இரண்டு பேரும் வழியிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

பூசை முடிந்தது. அடுத்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சாமியார் அறிவித்தார். கோயில் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை உப்பளம் முழுக்கக் கொண்டுபோனது. ஜெபங்கள் சொல்லி, எண்ணெய் பூசி, கடைசியில் சாமியார் தண்ணீரைக் கையில் எடுத்தார். மைக்கை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டு கேட்டார்.

“குழந்தையின் பேர் என்ன?”

தனக்கோடி வாய் திறப்பதற்குள் வாசலில் ஆட்கள் விலகினார்கள். அந்தோணிசாமி வந்துகொண்டிருந்தான். பாத்தியிலிருந்து அப்படியே ஓடிவந்தவன். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. மூச்சு இரைத்தது. ஒன்றரை வருஷம் கழித்து உள்ளே வருகிறவன், பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போடாமல் நேராகப் போய் மைக் வயரைப் பிடுங்கினான்.

முத்தம்மாள் குறுக்கே போய் நின்றாள். தனக்கோடி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஊர் முன்னால் இப்படி அசிங்கப்படுத்திவிட்டானே என்று அவளுக்கு இருந்தது.

அவன் யாரையும் தள்ளவில்லை. பீடத்தின் மேலிருந்த சிலுவையை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தான். பிறகு சாமியாரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“தண்ணி ஊத்துங்க சாமி. பேர மட்டும் அவரு காதுல விழாம சொல்லுங்க. மொத ரெண்டையும் சத்தமா சொன்னோம், கூப்டுக்கினாரு.”