மூன்றாவது முகாமில் கண்ணீர்

வெள்ளம் வடிந்த மறுநாள் மதியம், பள்ளி வகுப்பறை ஒன்றில் அமைச்சர் கண் கலங்குகிறார். காலையிலிருந்து இது மூன்றாவது முகாம், மூன்றாவது அழுகை. அவருடைய புகைப்படக்காரிக்கு எல்லாம் அத்துப்படி. கேமராவைத் தூக்கினால் போதும், சொல்லிவைத்தாற்போல் கண்ணீர் எட்டிப் பார்க்கும். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தையல்காரம்மா, வீட்டையும் இரண்டு தையல் மெஷின்களையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். ஜன்னல் வெயில் அவளுடைய சேறு காயாத கால்களில் விழுகிறது. அவள் அமைச்சரையே சற்று நேரம் பார்க்கிறாள். பிறகு, நிவாரணமாகக் கிடைத்த புதுத் துண்டைப் பிரித்து அவர் கன்னத்தைத் துடைக்கிறாள். “அழாதீங்க தம்பி. காலையில இருந்து எத்தனை பேர் கஷ்டத்தைக் கேட்டீங்களோ. ஏதாவது சாப்பிட்டீங்களா?” மனப்பாடம் செய்து வந்த ஆறுதலை விட்டுவிட்டு, அமைச்சர் இல்லையென்று தலையாட்டுகிறார். அந்தக் கண்ணீரைப் புகைப்படக்காரி இப்போதும் நம்பவில்லை. ஆனால் துண்டைப் பிடித்த கை, காய்ச்சல்காரப் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் மெதுவாக நகர்வதைப் பார்த்ததும் அவள் கேமராவைத் தாழ்த்துகிறாள். “எடும்மா, எடு! நாளைக்கு முதல் பக்கமே இதுதான்” என்று உதவியாளர் காதருகே பரபரக்கிறார். அவள் கேமராவை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். “பேட்டரி போயிடுச்சு சார்” என்கிறாள், கேமராவில் எரிகிற பச்சை விளக்கை விரலால் மறைத்தபடி.