கிளட்ச் பிளேட் கிளம்பிவிட்டது

கார் ஷோரூம் மேனேஜர் ஜெப்சனை இன்று என்ன செய்வது? மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வரும் பஸ்ஸில் அன்பழகனுக்கு இதே யோசனை. கழுத்தைப் பிடிப்பதா, ஷோரூம் கண்ணாடியை உடைப்பதா? பஸ் ஏரியைத் தாண்டும்போது கழுத்து முன்னிலையில் இருந்தது.

நாலு மாதம். காபிப் பழம் பறிக்கும்போது ஒர்க்‌ஷாப்புக்குள் போன கார், மிளகு காயவைத்து மூட்டை கட்டிய பிறகும் வெளியே வரவில்லை.

மலையேறும்போது பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் கருகி நின்றது. பின்னால் பஸ்கள் வரிசை கட்டின. ஒரு போலீஸ்காரரே ஆள் சேர்த்துத் தள்ளி ஓரங்கட்டினார். கம்பெனிக்காரர்களுக்கும் அவரே போன் போட்டார். “நல்ல எடத்துக்குத்தான் அனுப்பறேனுங்க, கவலப்படாதீங்க” என்றார். அவரை அன்பழகன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாரமங்கலத்தில் அக்கா மல்லிகா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு மலையிறங்கிவிடுவதாகத் திட்டம். ஈரோட்டில் அந்தக் காரை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்தது. இரண்டு நாள் இரண்டு மாதமானதும், மாமா அவனை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்டார். முப்பத்திரண்டு வயதில் முதன்முறையாக அன்பழகன் கூலி வேலை பார்த்தான். நேற்று ஈரோட்டுக்காரர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கார் வராவிட்டால் வேறு கார் பார்த்துக்கொள்வாராம்.

இன்று புதன்.

சுற்றிலும் காபித் தோட்டம் இருக்க, அந்த ஷோரூமில் மட்டும் பாக்கெட் பொடியில்தான் காபி. அவன் உட்காரும் முன்பே வரவேற்பில் இருந்த ஸ்டெஃபி கப்பை நீட்டினாள். “சக்கர கம்மிதானுங்கண்ணா?”

ஜெப்சன் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் அங்கே தட்டுப்பாடே வந்ததில்லை.

“கிளட்ச் பிளேட் கிளம்பிருச்சுங்க சார்.”

“போன வாரமும் கிளம்புச்சுங்களே.”

“அது ஓசூர் குடோன் வரைக்கும் வந்துச்சுங்க. கலர் மாறிருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டோம்.”

“உள்ள கெடக்கற பிளேட்டுக்குக் கலர் எதுக்குங்க?”

“கஸ்டமர் திருப்திதானுங்க எங்களுக்கு முக்கியம்.”

“அக்கா ஊட்டு நாய்கூட என்னப் பாத்து வாலாட்டறத நிறுத்திருச்சுங்க” என்றான் அன்பழகன்.

பக்கத்தில் செம்மநத்தம் ஆரோக்கியசெல்வி டீச்சர் இருந்தார். ஹெட்லைட்டுக்காக ஆறு வாரமாக வருகிறவர். இன்று அவர் முகத்தில் வெளிச்சம். “எனக்கு வந்துருச்சுங்க தம்பி. மாட்டியே குடுத்துட்டாங்க.”

வாசலில் நின்ற டீச்சர் காரை அன்பழகன் எட்டிப் பார்த்தான். அதே மாடல். ஹெட்லைட்டின் ஓரத்தில் ஒரு கீறல். அந்தக் கீறல் பதினேழாவது வளைவின் தடுப்புச் சுவர் அவன் காருக்குக் கொடுத்தது.

ஷெட்டுக்கு ஓடினான். காருக்கு ஒரு கண்ணைக் காணோம். ஒயர் மட்டும் தொங்கியது. வைப்பர் இரண்டும் இல்லை. பானெட்டைத் தூக்கினால் பேட்டரியும் இல்லை.

பின்னாலேயே வந்த ஜெப்சன், “அர்ஜென்ட் கஸ்டமருங்களுக்குக் கொடுத்தோமுங்க. உங்க வண்டி எப்படியும் சும்மாதானே நிக்குது” என்றார்.

“ஏனுங்க, ஒருத்தர் பொருள அவரக் கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்னங்க?”

“அட்ஜஸ்ட்மென்ட்டுங்க.”

“திருட்டுங்க.” அன்பழகன் பானெட்டை அடித்துச் சாத்தினான். “ஒருத்தர் நம்பி நிறுத்திட்டுப் போன வண்டில கை வெக்க எப்படிங்க மனசு வருது? வந்து பாத்தா அவரு வயிறு எரியாதுங்களா?”

“நல்லாக் கேளுங்க தம்பி” என்றார் டீச்சர், தன் ஹெட்லைட்டைக் கொஞ்சம் மறைத்து நின்றபடி.

கழுத்து, கண்ணாடி இரண்டையும் கைவிட்டு, அன்பழகன் நூறுக்கு போன் போட்டான். சட்டம் எதற்கு இருக்கிறது?

கால் மணி நேரத்தில் எஸ்.ஐ. சுதாராணி வந்து இறங்கினார். ஜெப்சனின் சிரிப்பு முதன்முறையாக ஸ்டாக் இல்லாமல் போனது.

அன்பழகன் புகாரைச் சொல்லச் சொல்ல, கூட வந்த ஏட்டு எழுதினார். ஹெட்லைட் ஒன்று, வைப்பர் இரண்டு, பேட்டரி ஒன்று. அடியில் கையெழுத்தும் போட்டான்.

ஜெப்சன் அவனை ஓரமாக இழுத்தார். “சார், கேஸ் வேண்டாமுங்க. டெமோ வண்டியோட கிளட்ச்சக் கழட்டி மாட்டிடறோம். நாளைக்குச் சாயங்காலம் வண்டிய எடுத்துக்கங்க.”

நாளை வியாழன். ஈரோடு தப்பிக்கும். அன்பழகன் ஒரு கணம் யோசித்தான். ஆனால் நாலு மாத ஆத்திரம் ஈரோட்டைவிடப் பெரிதாக இருந்தது.

“கேஸ் போடுங்க மேடம்” என்றான் உரக்க. “இந்த மாதிரி ஆளுங்கள உட்டா நாடு என்னத்துக்காகுங்க?”

“நொம்ப சரிங்க” என்றார் சுதாராணி. ஷெட்டுக்குள் போய்க் காரின் சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, செல்போனில் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு அன்பழகனைப் பார்த்தார்.

“வண்டி தர்மபுரி பிரபாகர் பேருல இருக்குதுங்களே. அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

ஏட்டின் கையிலிருந்த புகாரில் தன் கையெழுத்தை அன்பழகன் எட்டிப் பார்த்தான்.

நாலு மாத அலைச்சலில், தர்மபுரி கல்யாண மண்டப வாசலிலிருந்து அந்தக் காரைத் திருடிக்கொண்டு வந்ததே தான்தான் என்பது அவனுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.