வக்கீலின் இருமல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இருமிய ஒரு கிளியின் கதை சொல்கிறேன். காதை மட்டும் கொடுங்கள், போதும்.

"வீட்டுல பறவை ஏதாவது வளக்குறீங்களா?"

டாக்டரம்மா தையல்காரியிடம் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் நெருப்பாய்க் கொதித்துக் கிடந்தாள். மூன்று வாரக் காய்ச்சல். இரண்டு மருந்து மாற்றியும் இறங்கவில்லை.

"ஒரு கிளி இருக்கு டாக்டர். ஏழு வருஷமா இருக்கு. வக்கீல்னு கூப்பிடுவோம். எதுக்கெடுத்தாலும் வாதாடும்."

"அதுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"தீனியெல்லாம் நல்லாத்தான் தின்னுது. ஆனா மூணு மாசமா இருமுது. குழாயத் திறந்தா போதும், லொக்கு லொக்குன்னு."

"கேட்டீங்களா!" பக்கத்தில் நின்ற கணவர் துள்ளினார். பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. "அந்தச் சனியன யாருக்காவது குடுத்துத் தொலைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். புருஷன் பேச்சு அம்பலம் ஏறுனாத்தானே?"

"அவசரப்படாதீங்க. கிளியோட எச்சம் காய்ஞ்சு தூசியாகி மூச்சுல போனா, இந்த மாதிரி நெஞ்சைப் பிடிக்கிற காய்ச்சல் வரலாம். அதுதானான்னு சோதிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

மகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சளியைக் குப்பியில் பிடித்தார்கள். கிளி கூண்டோடு கால்நடை மருத்துவரிடம் போனது. அதற்கும் தொண்டையிலும் வாலடியிலும் பஞ்சுக்குச்சி.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மூன்று நாளும் தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணே மணியே என்று தான் வளர்த்ததே பெற்ற பிள்ளைக்கு எமனாகிவிட்டதா? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய் அலைந்தாள். அங்கே போனால் இங்கே நினைவு, இங்கே வந்தால் அங்கே நினைவு.

கணவர் அவளுக்கு மேல். உட்காருவார், எழுவார். பால்கனியில் கூண்டு தொங்கிய கொக்கியையே வெறித்துப் பார்ப்பார். பாவம், மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன் என்று அவள் உருகினாள்.

நான்காம் நாள் மாலை கிளியைக் கூண்டோடு திரும்ப வாங்கப் போனபோது கால்நடை மருத்துவர் சிரித்தார்.

"உங்க வக்கீலுக்கு ஒரு கிருமியும் இல்லம்மா. மூணு நாள்ல ஒரு தடவகூட இருமல. என்னோடதான் வாதாடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு மட்டும் கேளுங்க. கூண்டுல காய்ஞ்ச எச்சத்த அப்படியே சுரண்டாதீங்க, தூசி பறக்கும். மூக்க மூடிக்கிட்டு, தண்ணிய நல்லா திறந்துவிட்டு, ஊறவெச்சுக் கழுவுங்க."

கூண்டும் கையுமாக வீட்டுக்கு வந்தால், வாசலில் பறவைக் கடைக்காரரை அழைத்து வைத்திருந்தார் கணவர்.

"என்னங்க இது? அதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே!"

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு இருமுது? பொழுதுபோக்குக்கா?"

"பாப்பாவோட ரிசல்ட்டாவது வரட்டுங்க."

"உனக்குப் பொண்ணு பெருசா, கிளி பெருசா?"

அவள் கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கழுவியாவது குடுக்கறேன்."

"கழுவ வேணாம். அப்படியே எடுத்துட்டுப் போகட்டும்."

"ஐயோ, எனக்குக் கழுவித்தான் வேணும் சார்," என்றார் கடைக்காரர், மூக்கைச் சுளித்துக்கொண்டு. "கடையில நூறு பறவை இருக்கு. அக்கா, நீங்க கழுவுங்க."

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பால்கனிக் குழாயடியில் கூண்டை வைத்தாள். தட்டை உருவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. டாக்டரம்மா.

"ரிசல்ட் வந்திருக்கு. கிளிகிட்டேர்ந்து வர்ற கிருமி தொண்டையிலயும் இல்ல, ரத்தத்துலயும் இல்ல. சளியில காசநோய்க் கிருமி இருக்கு. பயப்படாதீங்க, விடாம மருந்து எடுத்தா குணமாயிடும். இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்."

"அப்ப... கிளி குடுத்தது இல்லையா டாக்டர்?"

"கிளி மேல பழி போடாதீங்க. இது ஒரு மனுஷர்கிட்டேர்ந்து வந்தது. வீட்டுல யாராவது மாசக்கணக்கா இருமுறாங்களா? அவங்களுக்கும் உடனே வைத்தியம் பாக்கணும். இல்லேன்னா மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்."

"யாரும் இல்லியே டாக்டர். எங்க வீட்டுல இருமுறது கிளி மட்டும்தான்."

போனை வைத்துவிட்டு, அந்தக் கேள்வியையே மென்றபடி குழாயைத் திறந்தாள்.

லொக்கு, லொக்கு, லொக்கு.

வழக்கமாக முதல் இருமலிலேயே, 'ஐயோ, குளிருது போல' என்று பதறிக் குழாயை மூடிவிடுவாள். இன்று மருத்துவர் சொன்னபடி தண்ணீரை ஓடவிட்டாள்.

"குழாய மூடு! மூடுன்னு சொல்றேன்ல!" கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

அவள் மூடவில்லை. கிளி இன்னும் இரண்டு இருமல் இருமி, தொண்டையைச் செருமி, கணவரின் குரலிலேயே கெஞ்சியது: "வக்கீலு, அவகிட்ட சொல்லிடாதேடா. தெரிஞ்சா பேக்கரியில நிக்க விடமாட்டாங்க."

உங்கள் வீட்டில் எவருக்கும் குழாயைத் திறந்துவிட்டு இருமுகிற நிலை வராமல், எல்லாரும் நோய்நொடியில்லாமல் வாழையடி வாழையாய்த் தழைத்திருங்கள், என் கண்ணுகளா.