நீலத் துண்டு

கேரம் போர்டைத் தூக்கி பீரோவுக்குப் பின்னால் ஒளித்தவன் சாயப்பட்டறை முருகவேல். அந்த அறையில் அதைத் தவிர வேறெதையும் அவன் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

நெருப்பெரிச்சல் ஊர் நூலகத்தின் இளைஞர் அறைக்குத் தரும் அரசு நிதியை அடுத்த வருஷமும் தொடரலாமா என்று பார்க்க அதிகாரி வருகிறார். நிதி நின்றால் அறைக்குப் பூட்டுதான்.

பிரியங்கா பனியன் கம்பெனியில் தைப்பவள். தையல் மெஷினை விட்டால் வீடு, வீட்டை விட்டால் இந்த அறை. அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் என்ன செய்வார்களோ, அதையே எல்லோரும் செய்தார்கள். தரையைத் துடைத்தார்கள். புத்தகங்களுக்கு வெளியே தொங்கிய பனியன் துணித் துண்டுகளை உள்ளே திணித்து, வரிசை பிசகாமல் அடுக்கினார்கள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு சுவரோரம் நின்றார்கள்.

அதிகாரியை அழைத்து வந்த நூலகர் மதுமதி வாசலிலேயே திகைத்து நின்றார்.

"ஏம்மா, இங்க ஆள் வந்து போற மாதிரியே தெரியலையே?" என்றார் அதிகாரி.

பையரிடம் சொல்லப் பழக்கியதையே முருகவேல் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். "எட்டு மணி நேரந்தானுங்க சார். ஓவர்டைம் இல்லீங்க. பாத்ரூமெல்லாம் சுத்தமா இருக்குதுங்க."

மதுமதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு புத்தகத்தை உருவினார். உள்ளிருந்து ரோஸ் துண்டு எட்டிப் பார்த்தது. அடுத்ததில் பச்சை. இன்னொன்றில் கோடு போட்டது. வேலையிடத்தில் மிஞ்சிய துணி. அவரவர் படித்து நிறுத்திய இடத்துக்கு அடையாளம்.

கடைசியாக எடுத்த தடித்த நாவலில் மஞ்சளும் நீலமும் ஒரே பக்கத்தில் இருந்தன.

மஞ்சள் பிரியங்காவுடையது. நீலம் யாருடையது என்று மாதக்கணக்கில் அவளும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்தால், போன வாரம் அவள் நிறுத்திய பக்கத்துக்கே அதுவும் வந்து நிற்கும். ஒரு பக்கம்கூட அவளை முந்தியதில்லை.

அதிகாரி இரண்டு துண்டுகளையும் கலைக்காமல் புத்தகத்தை மூடினார். "அடுத்த வருஷத்துக்கும் எழுதிடறேன். நீலம் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அதிகாரியைவிட ஆவலாகப் பிரியங்காதான் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

முருகவேல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அதற்குள் அவன் நகக்கண்களில் ஊறியிருந்த நீலச் சாயத்தை அவள் பார்த்துவிட்டாள்.