நானூற்றுப் பன்னிரண்டு

தையல்காரரின் மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. அவளுக்குச் சர்க்கரை பார்த்த மெஷின் மட்டும் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு அது தானாக ஒளிர்ந்து 412 என்று காட்டும். பேட்டரியைக் கழற்றிப் போட்ட பிறகும் காட்டியது.

அவள் இறந்த அன்று காலையிலும் மெஷின் காட்டியது அதே எண்தான். ஆரஞ்சுப் பழம் உரித்த கையோடு விரலை நீட்டியிருந்தாள்.

"தலை சுத்துதுங்க. சர்க்கரை இறங்கின மாதிரி இருக்கு."

"நீ சொல்றத நம்புறதா, மெஷின நம்புறதா?" என்று சிரித்துக்கொண்டே இன்சுலினைக் கூட்டிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மதியம் வந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"விரல்ல பழச்சாறு இருந்தா மெஷின் கூட்டித்தான் காட்டும். கை கழுவிட்டா பாத்தீங்க?" என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் கேட்டார். துணிக்கு அங்குலம் பிசகாமல் அளவெடுக்கிற மனிதர், மேசையில் கிடந்த ஆரஞ்சுத் தோலைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்று மனசு தாங்காமல் மெஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "கையக் கழுவிட்டு இன்னொரு தடவ பாரேம்மா."

இன்று ஆறரைக்கு மெஷின் ஒளிர்ந்தது. 41.

குழாயடியில் தொங்கிய துண்டு ஈரமாக இருந்தது. அவர் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

விழுந்தடித்து ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கினார். தளும்பத் தளும்ப அதை ஏந்திக்கொண்டு, "இந்தாம்மா, குடிச்சிடு... குடிச்சிடு..." என்று ஒவ்வோர் அறையாக நீட்டிக்கொண்டே போனார்.