மேஜை மேல் ஒரு பாலம்

“மூணு மாசமா அவர் வீட்டுக்குப் போறே, வர்றே. இன்னும் காரியம் முடியலைன்னா எப்படிம்மா?” மருந்துக்கடைக்காரர் சிடுசிடுத்தார்.

கடையில் நின்றவர்களுக்கு அது கல்யாணப் பேச்சாகத்தான் பட்டிருக்கும். ஊருக்கு அவர் அவளுடைய சித்தப்பா. உண்மையில், எதிரி நகரத்துக்குள் அவளைத் தையற்காரியாகக் குடிவைத்த உளவுத் துறையின் ஆள்.

“நேரம் அமையலை, சித்தப்பா.”

அவர் குரலைத் தணித்தார். “நாளைக் காலைக்குள்ள பாலத்தோட வரைபடம் வரணும். இல்லேன்னா வேற ஆள் போவான். உன்னை மாதிரி கத்திரிக்கோலோட இல்லை, துப்பாக்கியோட.”

அந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த எஞ்சினியருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கப் போனவள், மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மதியம் அவள் போனதும், “உட்காரு, டீ போட்டுட்டு வர்றேன்” என்று எஞ்சினியர் உள்ளே போனார். பென்சிலைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிற மனிதர். வரைபடம் மட்டும் வழக்கம்போல மேஜை மேல் விரிந்து கிடந்தது.

மடித்துப் பைக்குள் வைக்க அரை நிமிஷம் போதும். ஆனால் அது தொலைந்தால், துரோகி என்று அவரைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். எடுக்காவிட்டாலோ நாளைக்குத் துப்பாக்கிக்காரன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தன் மேலேயே எரிச்சல் பொங்கியது. ஒரு காகிதத்தை எடுக்கத் துப்பில்லை, துப்பறிய வந்துவிட்டாள்!

டீயோடு வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “நான் உளவாளி. இதைத் திருடத்தான் வந்தேன். முடியலை. நாளைக்கு உங்களைக் கொல்ல ஆள் வரும். எங்கயாவது போயிடுங்க.”

அவர் கோபப்படவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“முதல் வாரமே எனக்குத் தெரியும். உன்னைப் பிடிக்கத்தான் சொன்னாங்க. நான்தான் மேலதிகாரி கையைக் காலைப் பிடிச்சு, ‘ஒரு பொய் வரைபடத்தைக் கொடுத்து அனுப்பிடலாம், அவளை விட்டுடுங்க’ன்னு கெஞ்சினேன். தினமும் மேஜையில விரிச்சு வைக்கிறேன், தினமும் நீ டீயைக் குடிச்சிட்டுப் போயிடறே. அவருக்கும் பொறுமை போச்சு. சாயங்காலம் உன்னைப் பிடிக்க வர்றாங்க.”

அவர் எழுந்து வரைபடத்தைச் சுருட்டி அவள் கையில் திணித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இப்பவாவது திருடித் தொலையேன்!”