நெஞ்சு சொன்னால் சரி

மோட்டார் ரூமில் செம்புக்கம்பி மறுபடியும் காணவில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் கேட்டருகே, ஷிப்டு முடிந்தவர்களை வரிசையாக நிறுத்திவிட்டு, மேனேஜர் செக்யூரிட்டி பாக்கியநாதனைப் பார்த்தார்.

"இன்னா பாக்கியம், உன் நெஞ்சு இன்னா சொல்லுது?"

கேட்டில் செக்யூரிட்டி பார்க்கும் பாக்கியநாதனுக்குத் திருடனைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். அது யார் முன்னால் அடித்துக்கொள்கிறதோ, அவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். சாட்சி கேட்பதெல்லாம் கோர்ட்டில்.

இந்திக்காரர்கள் முன்னால் மட்டுமே அது அடித்துக்கொண்டது தற்செயல்தான். ஒரிசாக்காரன் பேசுவது இந்தி இல்லை என்பதும் அந்த நெஞ்சுக்குத் தெரியாது. இதுவரை எத்தனையோ பேரை அது ஊருக்கு அனுப்பிவிட்டது. செம்பும் விடாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்கு நெஞ்சு என்ன செய்யும், பாவம்.

பாக்கியநாதன் வரிசையோரம் ஒருமுறை நடந்தார். திரும்பவும் நடந்தார். ஒரிசாவிலிருந்து வந்த பிரபுல்லா முன்னால் கொஞ்சநேரம் நின்றும் பார்த்தார்.

நெஞ்சு கம்மென்று கிடந்தது.

போன வாரம் டாக்டர் பிரஷருக்குக் கொடுத்த மாத்திரையின் வேலை. படபடப்பெல்லாம் அடங்கிவிடும் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். அடங்கிவிட்டது. பிரபுல்லா வேலை செய்து களைத்த ஓர் ஆளாக மட்டும் தெரிந்தான். அவன் கன்னத்தில் மச்சம் இருப்பதையே இன்றுதான் பார்த்தார்.

பாக்கியநாதனுக்குப் பயமாகிவிட்டது. பிழைப்பே அந்தப் படபடப்பில்தானே ஓடுகிறது!

வேறு வழியில்லாமல் கையை நம்பினார். எல்லோருடைய பைகளையும் சோதித்தார். வழக்கத்துக்கு மாறாக, உள்ளூர்க்காரர்களுடையதையும்.

மோசஸின் டிபன் கேரியர் சாப்பாடு தீர்ந்த பிறகும் கனத்தது. மோசஸ் அவருடைய மனைவியின் தம்பி. அவர் சொல்லித்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தவன்.

அடித்தட்டைத் திறந்தார். ஒட்டிய சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே செம்புக்கம்பி சுருண்டு கிடந்தது.

மோசஸ் தரையைப் பார்த்தான். கம்பியை வேறு யாரும் பார்க்கவில்லை.

பாக்கியநாதன் கேரியரை மூடி, கொக்கியை மாட்டி, அவனிடமே கொடுத்தார். நேராகப் போய் பிரபுல்லாவின் தோளைத் தொட்டார்.

"இவன்தான் சார்."

மேனேஜர் தலையாட்டினார். பிரபுல்லா கையெடுத்துக் கும்பிட்டு என்னவோ சொல்லி அழுதான். இந்தியாகத்தான் இருக்கும்.

பாக்கியநாதன் மார்பில் கை வைத்துப் பார்த்தார். துளிக்கூடப் படபடப்பு இல்லை.

கெட்டிக்கார டாக்டர்.